ஒரு கோணம் போதாது



கோவில்பட்டியில் மஃரிபுக்குப் பின் நம்மிடம் ஓதவரும் பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர், ஒருநாள் கணக்கு நோட்டை நீட்டினார். டேன், காட் இரண்டின் கூடுதல், செக், கோசெக் இரண்டின் பெருக்கலுக்குச் சமம் என நிரூபிக்க வேண்டும். அவர் 45 பாகையை இட்டுப் பார்த்திருந்தார், இருபுறமும் 2. “நிரூபித்துவிட்டேன், ஹஜ்ரத்” என்றார். நாமும் சரியென்றோம். மறுநாள் பள்ளியில் அவருக்கு மதிப்பெண் கிடைக்கவில்லை. ஓதிக்கொடுக்கும் வாயால் அறியாததைச் சரியென்று சொன்னோமே என்று மனம் கனத்தது.

பிறகு கணித ஆசிரியரான நண்பரிடம் கேட்டுக் கற்றோம். முற்றொருமை ஒரு கோணத்துக்கு மட்டும் உரியதன்று; அவ்விகிதங்கள் வரையறுக்கப்பட்ட எல்லாக் கோணங்களுக்கும் உரியது. இடப்பக்கத்தைச் சைன், கோசைனாக மாற்றிக் கூட்டினால், மேலே அவற்றின் வர்க்கங்களின் கூடுதலான 1 நிற்கும். கீழே அவ்விரண்டின் பெருக்கல். அதுவே வலப்பக்கம். நிரூபிக்க வேண்டியதையே உண்மையெனக் கொண்டு தொடங்குவதும் நிரூபணமாகாது.

இதே விகிதங்களைக் கொண்டுதான் கிப்லாவும் கணிக்கப்படுகிறது. கோவில்பட்டியில் மேற்கே கிப்லா என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். கணக்கிட்டால் அது மேற்கிலிருந்து ஏறத்தாழ 23 பாகை வடக்கே அமைகிறது. அறிஞர் அல்பீரூனி, 1025இல் நிறைவுசெய்த நூலில், கஸ்னியின் கிப்லாவை ஒரு வழியில் மட்டுமன்றிப் பல வழிகளில் கணக்கிட்டார்.

மாணவரிடம் நம் தவற்றை ஒப்புக்கொண்டு, நிரூபணத்தைச் சேர்ந்தே எழுதினோம். “தெரியாது” என்று சொல்லும் துணிவை அல்லாஹ் நமக்குத் தருவானாக. ஆமீன்.