அப்படி யாரும் இல்லை!

சர்க்கார் ஆபீஸில் 'அப்புறம் வா' என்றால் நமக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நியாயம்தான். ஆனால் உலகத்தில் ஒரே ஒரு இடத்தில் 'அப்புறம் வா' என்பது பெரிய மரியாதை. அந்த இடம், உங்கள் ஆபீஸின் மெயில் சர்வர்.

ஈ-மெயில் எப்படிக் கை மாறவேண்டும் என்று 1982-ல் ஜான் போஸ்டல் என்கிற அமெரிக்கர் ஒரு சம்பிரதாயம் எழுதிவைத்தார். எஸ்.எம்.டி.பி. என்று பெயர். கடிதத்தோடு வாசலில் நிற்கும் சர்வருக்கு, உள்ளே இருக்கும் சர்வர் மூன்று இலக்க எண்ணில் பதில் சொல்லவேண்டும். 2-ல் ஆரம்பித்தால் 'வாங்கிக்கொண்டேன்'. 4-ல் ஆரம்பித்தால் 'இப்போ சரிப்படாது, அப்புறம் வா'. 5-ல் ஆரம்பித்தால் 'முடியாது, போ'.

4 என்று கேட்ட சர்வர் சளைக்காது. கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு நாலைந்து நாள் வரை திரும்பத் திரும்பக் கதவைத் தட்டும். 5 என்று கேட்டால் ரோஷக்காரன். உடனே கடிதத்தை எழுதியவருக்கே திருப்பிவிடும்.

சாதாரண நாளில் இதெல்லாம் நமக்கு எதற்கு? சர்வரில் சாஃப்ட்வேர் மாற்றுகிற வாரத்தில்தான் தேவைப்படும். மாற்றாதவர் யார்? மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேருடைய மெயில், ஜோஹோ நடத்தும் தளத்துக்கு மாறிவிட்டதாக 2025 அக்டோபரில் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். (நம்ம தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஆபீஸ் வைத்திருக்கிற அதே ஜோஹோதான். ஒப்பந்தம் 2023-லேயே கிடைத்தது.) முகவரியில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. 'கவ் டாட் இன்', 'நிக் டாட் இன்' எல்லாம் அப்படியே. பின்னால் இருக்கிற தபாலாபீஸ்தான் மாறியது.

எங்கள் ஊர்க் கதை 12 லட்சம் பேர் கதை இல்லை. 12 பேர் கதை.

ஊர், திருமலைராயன்பட்டினம். பாரத்தில் கட்டம் போதாது என்பதால் டி.ஆர்.பட்டினம். காரைக்காலுக்குத் தெற்கே, நாகூருக்கு வடக்கே. வாஞ்சூரில் 2009-ல் துறைமுகம் வந்த பிறகு, கப்பல் சரக்கை நம்பிச் சின்னச் சின்ன ஆபீஸ்கள் முளைத்தன. அதில் ஒன்றில் மாசம் நாலு நாள் கணக்குப் பார்க்கிறேன். (பத்தி எழுதி யார் சார் பிழைத்தார்கள்? பி.காம்.தான் சோறு போடுகிறது.)

அங்கே ரொம்ப வருஷமாக ஓடியது சென்ட்மெயில் என்ற சாஃப்ட்வேர். எண்பதுகளில் எரிக் ஆல்மன் எழுதியது. அதை எடுத்துவிட்டு, 1998-ல் வெளிவந்த வீட்ஸா வெனிமாவின் போஸ்ட்ஃபிக்ஸைப் போட்டார்கள். வெளியூர் கான்ட்ராக்ட்காரர் சனிக்கிழமை வந்தார், ஞாயிறு மாலை பஸ் ஏறினார். திங்களன்று மெயில் போயிற்று, வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

அந்த வாரம்தான் 'அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் தேவை' என்று விளம்பரம் கொடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை கடைசி நாள். வியாழன் வரை ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை.

"இந்தக் காலத்துப் பசங்களுக்கு வேலையே வேணாம் தம்பி. செல்போன் இருந்தாப் போதும்" என்றார் மேனேஜர்.

மத்தியானம் நாகூரிலிருந்து ஒரு பையன் பைக்கில் வந்து இறங்கினான். "அண்ணே, இப்படி ஒரு ஆபீஸ் நெசமாவே இருக்கான்னு பாக்க வந்தேன்" என்று செல்போனை நீட்டினான். திரும்பி வந்த மெயில். 550 என்று ஆரம்பித்தது. தமிழில் சொன்னால், 'அப்படி யாரும் இங்கே இல்லை.'

கணக்குப் படித்தவனுக்கு இது புதுசில்லை. பாங்க் ரீகன்சிலியேஷன்தான். செக் கொடுத்தாயிற்று, பாஸ் புக்கில் விழவில்லை. எங்கே நிற்கிறது? ஒவ்வொன்றாக டிக் அடிக்க வேண்டியதுதான். மெயிலை எந்த சர்வருக்குக் கொண்டுபோவது என்று ஊருக்குச் சொல்லும் எம்.எக்ஸ். பதிவு புது சர்வரைக் காட்டுகிறதா? காட்டுகிறது. 25-ம் நம்பர் போர்ட் திறந்திருக்கிறதா? மற்ற மெயில் வருகிறதே, திறந்துதான் இருக்கிறது. ஆக, கேட் திறந்திருக்கிறது, பெயர்தான் இடிக்கிறது.

விளம்பரத்தில் கொடுத்த முகவரி 'ஜாப்ஸ்' என்று ஆரம்பிக்கும். ஜாப்ஸுக்கென்று தனிப் பெட்டி எந்தக் காலத்திலும் கிடையாது. பழைய சர்வரின் ஃபைலில் 'ஜாப்ஸுக்கு வந்தால் மேனேஜருக்குப் போடு' என்று ஒரு வரி இருந்தது, அவ்வளவுதான். கான்ட்ராக்ட்காரர் ஆட்களின் பெட்டிகளை ஒன்று விடாமல் மாற்றினார். அந்த வரி பழைய சர்வரிலேயே தங்கிவிட்டது.

வந்தவருக்கு இடம் கொடுக்காத பழி எங்கள் ஊருக்குப் பழசு. திருமலைராயன் சபையில் உட்கார இடம் தராததால் காளமேகப் புலவர் மண்மாரி பெய்யப் பாடினார் என்பது கதை. இந்தப் பையன்களுக்குப் பாட்டு வராது. பிழைத்தோம்.

ஃபோனில் கூப்பிட்டதும் கான்ட்ராக்ட்காரர் அந்த வரியைச் சேர்த்தார். இரண்டு நிமிஷ வேலை. ஆனால் 5 என்று கேட்டுத் திரும்பிப் போனவை தானாக மறுபடி வராதே! போஸ்ட்ஃபிக்ஸில் 'சாஃப்ட் பவுன்ஸ்' என்று ஒரு வசதி இருக்கிறது. அதை 'யெஸ்' என்று வைத்தால் 5 சொல்லவேண்டிய இடத்தில் 4 சொல்லும். மாற்றுகிற வாரத்துக்கென்றே வைத்த மாதிரி. அது இருந்திருந்தால் அத்தனை விண்ணப்பமும் வாசலிலேயே காத்திருந்து தானாக உள்ளே வந்திருக்கும்.

நல்ல வேளை, யார் யாரைத் திருப்பி அனுப்பினோம் என்று சர்வர் லாக் ஃபைலில் குறித்து வைத்திருந்தது. எண்ணினால் 12 பேர். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "கடைசித் தேதிய ஒரு வாரம் தள்ளிப் போடுங்க" என்றார். 12 பேருக்கும் எழுதினோம். பத்துப் பேர் மறுபடி அனுப்பினார்கள். ஒருவரிடமிருந்து பதிலே இல்லை. திருவாரூர்ப் பையன் ஒருவன் மட்டும் இப்படி எழுதியிருந்தான்: "ரெண்டு தடவை அனுப்பினேன் சார். என்னை வேண்டாம்னு சொல்றீங்கன்னு நினைச்சேன். வேற இடத்துல சேர்ந்துட்டேன்."

உங்கள் ஆபீஸில் சர்வர் மாற்றுகிறார்களா? 'எத்தனை பெட்டி மாற்றினீர்கள்' என்று கேட்காதீர்கள். போர்டிலும் விளம்பரத்திலும் விசிட்டிங் கார்டிலும் அச்சடித்த முகவரிகளை ஒரு காகிதத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் வெளியிலிருந்து ஒரு மெயில் போட்டுப் பாருங்கள். அந்த ஒரு வாரமாவது சர்வர் 'அப்புறம் வா' என்றே சொல்லட்டும்.

வேலை யாருக்கு என்கிறீர்களா? இன்டர்வியூ வருகிற புதன்கிழமை. நாகூர்த் தம்பி மெயிலை நம்பவில்லை. விண்ணப்பத்தைப் பிரிண்ட் எடுத்துவந்து மேனேஜர் கையில் கொடுத்துவிட்டுத்தான் போனான்.