போன பாக்கெட் திரும்பி வர வேண்டாமா?

பி.காம். படிக்கிறவனுக்கு நெட்வொர்க்கில் என்ன வேலை என்று வகுப்பில் நாலு பேர் கேட்டாச்சு. நயினார்கோவிலில் பெரியப்பா மிளகாய் வத்தல் மண்டி வைத்திருக்கிறார். அங்கே கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் கூப்பிடுவது என்னைத்தான். அவ்வளவுதான் நம்ம தகுதி :-)

மண்டியில் டாலி இருக்கும் கணினி 192.168.1.20. தெருவுக்கு அந்தப் பக்கம் குடோன். அதற்குத் தனி நெட்வொர்க், எல்லாமே 192.168.2 என்று தொடங்கும். (கேமரா, வைஃபை, வந்துபோகிறவர் கை போன்... இதெல்லாம் கணக்குக் கணினி பக்கம் வரவேண்டாம் என்று பிரித்தது. நல்ல முடிவுதான்.) நடுவில் ரெண்டு நெட்வொர்க் கார்டு போட்ட பழைய லினக்ஸ் சர்வர். ஒரு கால் 192.168.1.10-ல், இன்னொரு கால் 192.168.2.1-ல்.

போன மாதம் 19-ம் தேதி சாயங்காலம், குடோனிலிருந்து டாலி திறக்கவில்லை. சரக்கு வந்த பில்லெல்லாம் அங்கேதான் ஏற்ற வேண்டும். மறுநாள் ஜிஎஸ்டிஆர்-3பி கடைசி நாள். தவறினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வரி பாக்கிக்கு 18 சதவீத வட்டி தனி. பெரியப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லை.

முதலில் சர்வரில் ஐபி ஃபார்வர்டிங் பார்த்தேன். லினக்ஸில் இது பொதுவாக 0 என்று இருக்கும். அப்படி இருந்தால் ஒரு கார்டில் வந்ததை மறு கார்டில் தள்ளாது. இங்கே 1 என்றே இருந்தது. சர்வரிலிருந்து டாலி கணினிக்கு பிங் போகிறது, பதிலும் வருகிறது. குடோனிலிருந்து மட்டும் மௌனம். டிசிபிடம்ப் ஓடவிட்டால் பாக்கெட் மண்டிப் பக்கம் போவது தெரிகிறது, திரும்பி வருவது ஒன்றுகூட இல்லை.

நம்ம கடற்கரைக்காரர்களுக்கு இதை விளக்க போட் மெயில் போதும். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு சென்னையில் ரயில் ஏறினால் தனுஷ்கோடி. அங்கே தண்டவாளம் முடியும். கப்பலில் தலைமன்னார், அங்கிருந்து வேறு ரயிலில் கொழும்பு. போகும் ஊர் கடைசிவரை கொழும்புதான், ஏறும் வண்டிதான் மாறும். பாக்கெட்டும் அப்படியே. உள்ளே இருக்கும் ஐபி முகவரி மாறாது, வெளியே ஒட்டும் மேக் முகவரி ஒவ்வொரு கட்டத்திலும் மாறும். நம்ம சர்வர்தான் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது வழி தானாக மாறிக்கொள்ளவில்லை. பிறகு ஆட்கள் ஏற்பாடு செய்துதான் ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் விட்டார்கள். கையால் எழுதும் ஸ்டாட்டிக் ரூட்டும் அதே ரகம்.

கொழும்புக்குப் போனவர் திரும்ப வேண்டுமே! டாலி கணினி பதில் எழுதுகிறது, பெறுநர் 192.168.2.15. சப்நெட் மாஸ்க் 255.255.255.0, ஆக இது நம்ம தெரு இல்லை. உடனே டீஃபால்ட் கேட்வேயிடம், அதாவது 192.168.1.1 பிராட்பேண்ட் ரவுட்டரிடம் கொடுத்துவிடுகிறது. அன்று காலையில்தான் அந்த ரவுட்டரைப் புதிதாக மாற்றியிருந்தார்கள். பழையதில் இருந்த ஒரு வரி புதியதில் இல்லை. அது 192.168.2-ஐக் கேள்விப்பட்டதே இல்லை என்பதால் இன்டர்நெட் பக்கம் தள்ளிவிட, பதில் அங்கேயே காலி.

"இங்கெருந்து பேசுறது அவனுக்குக் கேக்குது, அவன் பேசுறது நமக்குக் கேக்கல. அதானப்பா?" என்றார் பெரியப்பா. அதேதான்.

சர்வரில் மாஸ்க்வரேட் போட்டு ஒரே வரியில் முடித்திருக்கலாம். குடோன் கணினி எல்லாமே 192.168.1.10 என்ற ஒரே பெயரில் போகும், திரும்பும் வழியும் தேவையில்லை. எனக்குப் பிடிக்கவில்லை. எந்தக் கணினியிலிருந்து வந்தது என்றே தெரியாது. யார் போட்டது என்று தெரியாத வவுச்சரை எந்த ஆடிட்டர் ஒத்துக்கொள்வார்?

ரவுட்டரில் ஸ்டாட்டிக் ரூட் எழுதினேன்: 192.168.2.0, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.10. அப்பவும் வரவில்லை! ரவுட்டர் மாறியதும் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டு 'பப்ளிக்' ஆக்கியிருந்தது. குடோனை அனுமதிக்கும் ஃபயர்வால் விதி 'பிரைவேட்'டுக்கு மட்டும். அதை மாற்றியதும் டாலி திறந்தது. மணி பத்தரை.

ராத்திரியோடு பில் ஏற்றி, மறுநாள் மதியத்துக்குள் 3பி போய்விட்டது. அடுத்து ரவுட்டரை மாற்ற வருகிறவருக்காக அந்த மூன்று எண்களையும் மண்டி நாள்வழிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறேன். பெரியப்பா அதற்குக் கீழே தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.