இருட்டைப் பார்க்க ஒரு பயணம்

லேயிலிருந்து கிளம்பும் ஜீப் நாளெல்லாம் சிந்து நதியின் கரையைப் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. லோமா பாலத்துக்கு அப்புறம் நதியை விட்டுத் தெற்கே திரும்புகிறது. அதன் பிறகு மரம் என்ற பேச்சே இல்லை. மண், கல், அவ்வப்போது கியாங் எனப்படும் காட்டுக் கழுதைகள். சுமார் 250 கி.மீ. குலுங்கி முடித்தால் ஹான்லே. 17ஆம் நூற்றாண்டு மடாலயம் ஒன்று, சில சிற்றூர்கள், எதிரே குன்றின் மேல் 4,500 மீட்டர் உயரத்தில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் டெலஸ்கோப் கூடம்.

பகலில் பார்க்க இங்கே அதிகம் இல்லை. வருகிறவர்கள் இரவுக்காக வருகிறார்கள். 2022 டிசம்பரில் இந்த வட்டாரத்தின் 1,073 சதுர கி.மீ. பரப்பை லடாக் நிர்வாகம் இருண்ட வான் காப்பகமாக அறிவித்தது. புலிக்கும் யானைக்கும் சரணாலயம் உண்டு. நாட்டிலேயே முதல்முறையாக இருட்டுக்கும் ஒன்று.

ஆனால் இவ்வளவு தூரம் வந்தும் ஏமாந்து திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். விடுமுறை கிடைத்த தேதியில் டிக்கெட் எடுத்திருப்பார்கள். அது பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பாக அமைந்திருக்கும். மலைச்சரிவெல்லாம் பால் ஊற்றியதுபோல நிலா வெளிச்சம். பால்வீதியை மட்டும் காணோம். பல ஆயிரம் ரூபாய் செலவு, மூச்சுத் திணறல், தலைவலி. எல்லாம் நிலவைப் பார்க்கத்தானா? அதை மொட்டை மாடியிலேயே பார்த்திருக்கலாமே.

இந்த ஏமாற்றத்தைத் தவிர்க்கக் காலணா செலவில்லை. ஸ்டெல்லேரியம் என்ற சாஃப்ட்வேரைக் கம்ப்யூட்டரில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். ஃபேபியன் ஷெரோ என்ற பிரெஞ்சுக்காரர் ஆரம்பித்து வைத்ததைத் தன்னார்வலர்கள் வளர்த்து வருகிறார்கள். ஆறு லட்சத்துக்கும் அதிகமான நட்சத்திரங்கள் அதில் ஆரம்பத்திலேயே அடக்கம். இடத்தையும் தேதியையும் கொடுத்தால் அன்றைய வானம் திரையில் விரிகிறது. 'எல்' விசையை நாலு தட்டுத் தட்டினால் ஓர் இரவு முழுவதும் சில நொடிகளில் ஓடி முடிகிறது. நிலா எப்போது மறைகிறது, பால்வீதியின் மையம் எப்போது தெற்கே வருகிறது என்பதெல்லாம் பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே தெரிந்துவிடும்.

சில விஷயங்கள் ஆச்சரியப்படுத்துகின்றன. ஜூன் கடைசியில் ஹான்லேவில் முழு இருட்டு வருவது இரவு 9 மணிக்குப் பிறகுதான். அதிகாலை மூன்றரைக்குள் கிழக்கு வெளுக்கத் தொடங்கிவிடும். டிசம்பரிலோ 11 மணி நேர இருட்டு. அதற்கான விலை, எலும்பை உறைய வைக்கும் குளிர்.

இன்னொரு சோதனை இன்னும் சுவாரஸ்யம். ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகமும் ஹான்லேயும் ஏறக்குறைய ஒரே தீர்க்க ரேகையில் இருக்கின்றன. எந்த நட்சத்திரமும் இரண்டு இடங்களிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் உச்சிக் கோட்டைக் கடக்கிறது. ஆனால் வடக்கே 20 டிகிரி போய்விட்டதற்கு ஓர் இழப்பு உண்டு. காவலூரில் சுமார் 25 டிகிரி உயரம் ஏறும் அகத்திய நட்சத்திரம் ஹான்லேயில் நாலரை டிகிரிதான் எட்டிப் பார்க்கும். தெற்கே சின்னக் குன்று நின்றாலே போச்சு. ஆல்பா சென்டாரி உதிப்பதே இல்லை. உலகத்தின் மிகச் சிறந்த வானங்களில் ஒன்றிலும் நம்மூர் நட்சத்திரம் கிடைக்காது என்பதை வீட்டு நாற்காலியிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

சாஃப்ட்வேருக்குத் தெரியாதவையும் உண்டு. அன்றைக்கு மேகம் வருமா, ஜீப் பஞ்சராகுமா, உயரம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதையெல்லாம் அது சொல்லாது. லேயில் இரண்டு நாளாவது தங்கி உடம்பைப் பழக்காமல் மேலே போகிறவருக்கு எந்த வரைபடமும் உதவாது. கடுங்குளிரில் லேப்டாப் பேட்டரியும் சீக்கிரம் படுத்துவிடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் கார்ட் து சியேல் போன்ற இன்னோர் இலவச சாஃப்ட்வேரில் வேண்டிய பகுதிகளைக் காகிதத்தில் அச்சடித்து எடுத்துவருகிறார்கள். கறுப்பு வானம் அல்ல, வெள்ளைத் தாளில் கறுப்புப் புள்ளிகள். சிவப்புக் காகிதம் சுற்றிய டார்ச் வெளிச்சத்தில் அதுதான் படிக்கச் சௌகரியம்.

தவிர, திரை என்பதே ஒரு விளக்கு. கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் வேண்டும். யாராவது ஒரு முறை செல்போனைப் பளிச்சென்று திறந்தால் கூட்டம் முழுவதும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஸ்டெல்லேரியத்தில் திரையைச் சிவப்பாக்கும் வசதி உண்டு. அதையும் மூடி வைப்பது இன்னும் மேல். ஒத்திகை வீட்டில், ஹான்லேயில் நாடகம் மட்டும்.

ஊர்க்காரர்களுக்கு இது பொழுதுபோக்கு அல்ல. ஜன்னலுக்குத் திரை, விளக்குக்கு மூடி என்று தங்கள் வெளிச்சத்தை அடக்கி வைத்திருப்பவர்கள் அவர்கள். பயிற்சி பெற்ற 24 வானியல் தூதர்கள், அவர்களில் பலர் பெண்கள், சொந்த ஊரிலேயே டெலஸ்கோப் வைத்து விருந்தினர்களுக்கு வானம் காட்டிப் பிழைக்கிறார்கள். ஹெட்லைட்டைப் போட்டபடி வந்து நிற்கும் ஒரு கார், அவர்களுடைய அன்றைய வருமானத்தின் மேலேயே வந்து நிற்கிறது.

மேலே குன்றில் உள்ள 2 மீட்டர் டெலஸ்கோப்பை இயக்குபவர்களோ அங்கே இல்லை. 2,000 கி.மீ.க்கும் அப்பால், பெங்களூரை அடுத்த ஹொசகோட்டேயில் உட்கார்ந்து செயற்கைக்கோள் இணைப்பு வழியாக இயக்குகிறார்கள். விஞ்ஞானிக்குத் திரை, சுற்றுலாப் பயணிக்கு நேரடி வானம்.

முதல் இரவில் பெரும்பாலோருக்கு ஒரு குழப்பம் காத்திருக்கிறது. நகரத்து வானத்தில் ஒரே பார்வையில் பிடிபடும் விருச்சிகம் இங்கே சட்டென்று அகப்படுவதில்லை. சுற்றிலும் அத்தனை நட்சத்திரங்கள். ஸ்டெல்லேரியத்தில் ஒளி மாசு அளவை ஒன்பதிலிருந்து ஒன்றுக்கு இறக்கிப் பார்த்தவர்கள் இதை எதிர்பார்த்தே வந்திருப்பார்கள். மற்றவர்கள் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் ஹான்லே பெண் கம்பளிக் கையுறையைக் கழற்றாமலே கையை நீட்டி, தேளின் வால் எங்கே என்று காட்டுகிறார்.