காற்று, கயிறு, கடல்: கைட் சர்ஃபிங் கற்க நினைப்பவர்களுக்கு

ஆடி மாதம் காவிரிப் பாலத்தில் டூவீலர் ஓட்டியவர்களுக்குக் காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஹெல்மெட்டோடு தலையையும் சேர்த்து இழுக்கும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் கைட் பந்தயத்தை முதல்முறையாகப் பார்த்த ஸ்ரீரங்கத்துப் பையனுக்கு, "அம்மா மண்டபத்துலயே விட்டா என்ன?" என்று தோன்றினால் தப்பில்லை.

ஆனால் முடியாது. கைட்டுக்கும் ஆளுக்கும் நடுவில் 20 மீட்டர் அளவுக்குக் கயிறு. அந்தச் சுற்றளவுக்குள் மரம், மின்கம்பி, பாலம் எதுவும் இருக்கக் கூடாது. இங்கே இரண்டு கரையிலும் தென்னையும் கட்டடமும்தான். அதில் மோதி வரும் காற்று ஒரு நிமிஷம் செத்துக் கிடக்கும், அடுத்த நிமிஷம் ஆளைத் தூக்கும். மேட்டூரில் திறந்துவிட்டிருந்தால் ஆற்றின் இழுப்பு வேறு.

எனவே ராமேஸ்வரம். அங்கே பயிற்சிப் பள்ளி உண்டு. திருச்சியிலிருந்து நேரடி ரயிலும் உண்டு (2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலம் மூடப்பட்டு, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை மண்டபத்தோடு இறங்க வேண்டியிருந்தது). அந்தத் தீவின் விசேஷமே இரண்டு பக்கமும் கடல் என்பதுதான். கோடையில் தென்மேற்குக் காற்று மன்னார் வளைகுடா பக்கமிருந்து வரும், குளிர்காலத்தில் வடகிழக்குக் காற்று பாக் விரிகுடா பக்கமிருந்து. எந்தக் கரையில் இறங்குவது என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. கடலிலிருந்து கரையை நோக்கிச் சாய்வாக வீசும் காற்றுதான் கற்றுக்கொள்பவருக்கு நல்லது. தடுமாறினாலும் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். அதே காற்று எதிர்க்கரையில் ஆளை நடுக்கடலுக்குத் தள்ளும். தண்ணீர் தட்டையாக, அழகாக, ஆசை காட்டும். அங்கே இறங்காதீர்கள்.

வேகம் 12 முதல் 25 நாட் வரை, அதாவது மணிக்கு 22 முதல் 46 கிலோமீட்டர். புதியவருக்கு இதன் நடுப்பகுதி போதும். ஒல்லியான ஆளுக்குச் சின்ன கைட், காற்று கூடினால் இன்னும் சின்னது.

முதல் நாளே பலகையில் ஏறிவிடலாம் என்று கனவு வேண்டாம். முதலில் மணலில் நின்று, சின்ன கைட்டை வைத்துக்கொண்டு காற்றைப் படிக்க வேண்டும். காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் எதிரே வானம் ஒரு பாதிக் கடிகாரம். தலைக்கு மேல் 12 மணியில் கைட் அமைதியாக நிற்கும். 9, 3 மணி ஓரங்களிலும் பெரிதாக இழுக்காது. நடுவில், நேர் எதிரே கீழே இறக்கினால்தான் பிசாசு மாதிரி இழுக்கும். இது கைக்குப் பழகவே சில மணி நேரமாகும்.

அடுத்தது, இடுப்புப் பட்டையோடு இணைந்திருக்கும் அவசர விடுவிப்பு. அதைத் தள்ளினால் கைட் பலமிழந்து விழும். கண்ணை மூடிக்கொண்டு, ஒற்றைக் கையால் செய்யும்வரை பழக வேண்டும். பயந்தவர் செய்கிற முதல் காரியம் கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடிப்பது. அப்படிப் பிடித்தால் இழுப்பு கூடுமே தவிரக் குறையாது! கயிற்றை விரலில் சுற்றவும் கூடாது. மாஞ்சா தடவாவிட்டாலும் அறுக்கும்.

விலை குறைவு என்று பழைய கைட் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இழுப்பை ஏறக்குறைய முழுவதும் தணிக்கக்கூடிய 'போ' கைட்டுகள் கடைக்கு வந்தது 2005 வாக்கில்தான். அதற்கு முந்தைய மாடல்கள் சுவரில் மாட்ட நன்றாக இருக்கும் :-)

நீச்சல்? காவிரிப் படித்துறையில் அக்கரைக்கும் இக்கரைக்கும் போய் வந்தவர் என்பதெல்லாம் கடலில் செல்லாது. கயிறு, பலகை, அலை எல்லாவற்றோடும் அரை மணி நேரம் மிதக்கத் தெரியாதவர், அதைக் கற்ற பிறகு ராமேஸ்வரத்துக்கு டிக்கெட் எடுக்கலாம். மிதவைச் சட்டையும் ஹெல்மெட்டும் அப்போதும் கட்டாயம்.