அப்பா போட்ட கோடு

திருநெல்வேலி மீனாட்சிபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஐந்து படிகள். மூன்றாம் படியை ஒட்டிய சுவரில் ஆணியால் கீறிய கோடு ஒன்று இருந்தது. 1992 நவம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி அதுவரை வந்துவிட்டுத் திரும்பிப் போனதாம். கீறியவர் அப்பா. எனக்கு அந்தக் கோடுதான் வானிலை அறிக்கை.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததிலிருந்து விடாத மழை. மதியத்துக்கு மேல் மைக் கட்டிய ஆட்டோ ஒன்று, ஆற்றங்கரை ஆட்களை மேட்டுக்குப் போகச் சொல்லிக்கொண்டே போனது. செல்போனிலும் சிவப்பு எச்சரிக்கை. ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் கொட்டக்கூடும் என்றால்தான் அந்த நிறம். பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். அம்மா ஆதார், ரேஷன் கார்டு, பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் மஞ்சள் பையில் திணித்து முடிச்சுப் போட்டாள். அதற்கும் சிரித்தேன்.

அதோடு நின்றிருந்தால் என் பாடு என்னோடு போயிருக்கும். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த தம்பி கைக்குழந்தையோடு வாசலில் வந்து நின்றான். "அண்ணாச்சி, பாளையங்கோட்டைல அக்கா வீடு இருக்கு. போயிரட்டுமா?"

"தொண்ணூத்திரெண்டுலயே மூணாம் படியத் தாண்டல தம்பி. பேசாம இரி."

அவன் இருந்துவிட்டான்.

எங்கள் தெருவில் பெய்வது மட்டும் வெள்ளக் கணக்கில்லை. மாஞ்சோலைக்கு மேலே ஊத்து, நாலுமுக்கில் பெய்வதும் சேர்ந்துதான் வரும். பாபநாசம், மணிமுத்தாறு அணைகள் நிறைந்த பிறகு, மேலிருந்து வருவதை அப்படியே திறந்து விடுவதைத் தவிர வழியில்லை. இங்கே மழை ஓய்ந்தாலும் ஆறு ஏறும். இதெல்லாம் எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் தெரிந்ததைவிடக் கோடு பெரிதாக இருந்தது.

இரவு கரண்ட் போனது. டார்ச்சோடு வாசலில் உட்கார்ந்து படியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள். எங்கள் பின்கட்டு தெருவைவிடத் தாழ்வு. குளியலறைச் சாக்கடைத் துளையில் கொப்புளம் கொப்புளமாகக் கறுப்புத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. நான் முன்வாசலைக் காவல் காக்க, ஆறு பின்பக்கமாக வீட்டுக்குள் வந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் வாசலிலும் தண்ணீர் கோட்டைத் தொட்டது. அப்போதுதான் உறைத்தது: மூன்றாம் படியில் தண்ணீர் என்றால் தெருவில் முழங்காலுக்கு மேல். ஓடுகிற தண்ணீர் அரை அடி இருந்தாலே ஆளைச் சாய்த்துவிடும். கோடு வரட்டும் என்று காத்திருந்தவனுக்கு, கோடு வந்தபோது வெளியேற வழியில்லை.

எதிர்த்த மாடிவீட்டுப் பையன்கள் ஜன்னல் கம்பியில் கயிறு கட்டி எங்களை இழுத்துக்கொண்டார்கள். அம்மாவின் தலையில் மஞ்சள் பை. தம்பி குழந்தையைத் தோளுக்கு மேல் தூக்கியிருந்தான். அதன் பாதம் என் கன்னத்தில் பட்டபோது ஐஸ் கட்டியாகச் சில்லிட்டிருந்தது. ஓர் இரவும் ஒரு பகலும் அந்த மாடியில் கிடந்தோம். எங்கள் வீட்டில் ஜன்னல் வரை தண்ணீர். அன்று காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் பெய்தது சுமார் 95 செ.மீ. என்று பிறகு படித்தேன். எந்தக் கோட்டுக்குள் அடங்கும் அது?

தம்பி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இப்போது ஆரஞ்சு எச்சரிக்கை வந்தாலே பை தயார், வண்டி மேட்டில். சிவப்பு என்றால் மெயினை அணைத்துவிட்டு இருட்டுமுன் கிளம்பிவிடுவோம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 கதவில் எழுதியிருக்கிறது. யாராவது, "போகணுமா அண்ணாச்சி?" என்று கேட்டால், "நாங்க கிளம்பியாச்சு" என்பதுதான் என் பதில்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர் ஜன்னலோரக் கறையைக் காட்டி, "இதுலயும் ஒரு கோடு போட்டு வைக்கவா?" என்றார்.

வேண்டாம் என்றேன். போட்டால், அடுத்தவன் அதை நம்பி உட்கார்ந்துவிடுவான். அப்பாவின் கோட்டையும் சேர்த்தே அடிக்கச் சொன்னேன்.