எஸ்டீமுக்கு வேறொரு மூளை

ஒரு வண்டியின் உறுப்பை இன்னொன்றில் பொருத்தி ஓட்டுவது கோவைக்குப் பழகிய வேலை. மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை வடிவமைத்த கரிவரதனின் ஊர் இது. செட்டிபாளையம் பந்தயத் தடம் அவர் பெயரில்தான் இருக்கிறது. அந்த மரபு இன்று பட்டறைகளில் எப்படி இருக்கிறது என்று பார்க்க சிங்காநல்லூர் பக்கம் போயிருந்தேன்.

பழைய மாருதி எஸ்டீம் ஒன்று பானட் திறந்து நின்றது. இன்ஜினின் மூளையான கம்பெனி ஈசியுவைக் கழற்றியாயிற்று. ஹோண்டா சிட்டி பந்தயக் காரில் ஓடிய தனி ஈசியு அந்த இடத்துக்கு வருகிறது. எவ்வளவு பெட்ரோல், எப்போது பொறி என்பதை லேப்டாப்பில் நாமே எழுதிக்கொள்ளும் வகை. இது தடத்தில் மட்டும் ஓடப்போகும் வண்டி. சாலை வண்டியில் கம்பெனி அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இடம் தராது.

சிட்டியின் வயரிங் கிட்டும் கூடவே வந்திருந்தது. கப்ளரை மாற்றிச் செருகினால் வேலை முடிந்தது என்றுதான் எனக்குத் தோன்றியது. மூத்த எலக்ட்ரீஷியனோ கிட்டை மேசையில் நீளமாக விரித்து, ஒவ்வொரு வயரின் இரு முனையிலும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்து, கப்ளர் பின் நம்பரை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். "கலரை நம்பி மாட்டுனா புகைதானுங்க வரும்" என்றார்.

கிராங்க் சென்சாரில்தான் அதிக நேரம் போனது. சிட்டியில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்தது இரண்டு வயர் காந்த சென்சார். இங்கே கிராங்க் புல்லியில் 36 பல்லில் ஒன்றைக் குறைத்த சக்கரத்தைப் பூட்டி, மூன்று வயர் ஹால் சென்சார் வைக்கிறார்கள். 10 டிகிரிக்கு ஒரு பல். அந்த இல்லாத பல்லை வைத்துத்தான் கிராங்க் எங்கே நிற்கிறது என்று ஈசியு கண்டுகொள்கிறது. காந்த சென்சாரில் இரு வயரையும் இடம் மாற்றிக் கொடுத்துவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடக்கூடும். ஆனால் ஆர்பிஎம் ஏற ஏற டைமிங் நழுவும். அது தெரியாமல் இன்ஜினையே பிரித்தவர்கள் உண்டாம். சென்சார் வயரைச் சுற்றிய வலைக் கம்பியை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்தார். இரு முனையிலும் கொடுத்தால் வலை வழியாகக் கரண்ட் ஓடி சிக்னலைக் கெடுக்கும்.

இன்ஜெக்டருக்கு ஓம்ஸ் பார்த்தார். 12க்கு மேல் இருந்தால் நேராகக் கொடுக்கலாம். 2, 3 என்றால் இடையில் ரெசிஸ்டர் வேண்டும்.

அவரிடம் தொழில் பழகும் பெண் எஸ்டீமின் வெப்ப சென்சாரை எவர்சில்வர் டம்ளரில் ஐஸ் தண்ணீரில் முக்கி அளந்தார். பிறகு கொதிக்கும் தண்ணீரில். "ஐஸ்ல எவ்வளவு காட்டுது கண்ணு?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார் பெரியவர். சிட்டியின் கணக்கை அப்படியே விட்டால் குளிர்ந்த இன்ஜினைச் சூடென்று ஈசியு நினைத்துவிடலாம். அதிர்வுள்ள இடங்களில் இணைப்புகளுக்கு ஈயம் வைக்கவில்லை. ஈயம் முடியும் இடத்தில் செம்பு விறைத்து, அதிர்வில் ஒடியும். கிரிம்ப் செய்து, கையால் இழுத்துப் பார்த்து, ஸ்லீவ் போட்டுச் சூடுகாட்டினார்.

மாலையில் இன்ஜெக்டர் கப்ளரைக் கழற்றிவிட்டு செல்ஃப் அடித்தார்கள். லேப்டாப்பில் டைமிங் 10 டிகிரியில் பூட்டியிருந்தது. டைமிங் லைட்டைப் பிடித்தால் புல்லியின் கோடு வேறிடத்தில் தெரிந்தது. "லேப்டாப் சொன்னாப் பத்தாதுங்க, புல்லியும் பத்துன்னு சொல்லோணும்." அந்தப் பெண் கோணத்தைத் திருத்தித் திருத்தி இரண்டையும் ஒன்றாக்கினார். இது தவறினால் பிஸ்டன் ஓட்டையாகும் வரை போகும். குதிரைத்திறன் கூட்டும் ட்யூனிங்கை எல்லோரும் பேசுகிறார்கள். அதைவிடக் கடினமானது இந்த வயரிங் என்பது நான் கண்ணால் கண்டு வந்த முடிவு.

இப்படி வண்டி செய்யக் கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எலக்ட்ரீஷியனை அவசரப்படுத்தாதீர்கள். வண்டியை எடுக்கும்போது பில்லோடு பின் நம்பர் எழுதிய நோட்டின் நகலையும் கேட்டு வாங்குங்கள்; அடுத்து கை வைப்பவருக்கு அது வேண்டும்.