தாங்கும் மீன்

காரைக்காலில் மீன் பார்க்கத் தெரியாத வீடு குறைவு. செவுளைத் தூக்கிச் சிவப்பைப் பார்ப்பார்கள், கண்ணில் பளபளப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள், வயிற்றை ஒரு விரலால் அமுக்கிப் பார்ப்பார்கள். காலையில் கரையேறியதா, ஐஸில் இரண்டு நாள் கிடந்ததா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். அதே ஆட்கள் கடைவீதியில் வண்ணமீன் விற்கும் கடைக்குள் நுழைந்தால் அந்தப் படிப்பு அங்கே செல்லுபடியாவதில்லை. துடுப்பை உடம்போடு மடக்கிக்கொண்டு மூலையில் நிற்கும் மீனைப் பார்த்து "சாதுவா இருக்கு" என்கிறார்கள். அது நோயில் நிற்கிறது. நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் "பசிக்குது போல" என்று இன்னும் கொஞ்சம் தீனி போடுகிறார்கள். அது மூச்சுக்குத் தவிக்கிறது. சரளைக்கல்லில் உடம்பைத் தேய்த்தால் விளையாட்டாம். பெரும்பாலும் அது ஒட்டுண்ணி தரும் அரிப்பு.

எந்தக் கடைக்குப் போனாலும் என் கண் முதலில் ஃபைட்டர் மீன்களைத்தான் தேடும். மேசை ஓரத்தில் பிளாஸ்டிக் டம்ளர்களில் வரிசையாக வைத்திருப்பார்கள். டம்ளருக்கு ஒன்று. இரண்டு ஆண் மீன்களைச் சேர்த்து விட்டால் ஒன்றையொன்று கிழித்துவிடும் என்பதால் டம்ளர்களுக்கு நடுவே அட்டைத் துண்டு செருகியிருக்கும். கோடை விடுமுறையில் ஒரு கடையில் நின்றிருந்தேன். "அண்ணே, அந்த அட்டைய எடுங்கண்ணே" என்றான் ஒரு சிறுவன். கடைப்பையன் எடுத்தான். நீல மீன் பக்கத்து டம்ளரின் சிவப்பு மீனைக் கண்டதும் செவுள்மூடியை விரித்து, துடுப்புகளையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு பிளாஸ்டிக் சுவரில் முட்டியது. திரும்பவும் முட்டியது. சிறுவன் கைதட்டினான். அட்டை இறங்கியது. அடுத்து வந்த குடும்பத்துக்கு மறுபடி ஏறியது. சிவப்பு மீனின் வால் நைந்து பிசிறடித்திருந்தது. டம்ளர் அடியில் எச்சமும், தின்னாமல் விட்ட குருணைத் தீனியும் பழுப்பாக ஊறிக் கிடந்தன. திரும்புவதற்கு மட்டும் இடம் இருந்தது. சண்டைக்கான அழைப்பு நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கிறது. சண்டையிட்டு முடிக்கவும் வழியில்லை, ஓடி ஒளியவும் வழியில்லை.

கேட்டால் வரும் பதில் ஒன்றுதான்: "அது தாங்கும் சார்."

அது பொய்யில்லை. ஃபைட்டருக்குச் செவுளோடு கூடத் தலைக்குள் மடிப்பு மடிப்பான ஓர் உறுப்பு இருக்கிறது. நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கி, அதிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். தாய்லாந்தின் வயல்களிலும் சதுப்புகளிலும், ஆக்சிஜன் குறைந்த கலங்கல் நீரில் வாழ்வதற்கு அதற்கு வாய்த்த ஏற்பாடு அது. 2019-இல் அந்த நாடு அதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது.

நம் கரைக்கும் இப்படிக் காற்றை விழுங்கும் ஜாதி மீன் புதியதல்ல. காரைக்காலுக்கு வடக்கே, பக்கத்திலேயே இருக்கும் தரங்கம்பாடியில் டேனிஷ் கம்பெனியின் அலுவலர் டால்டார்ஃப் 1791-இல் ஒரு பனைமரத்தில், தண்ணீருக்கு மேலே இருந்த மீனைப் பிடித்ததாக எழுதினார். 1797-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் அது அச்சானது. பனையேறிக் கெண்டை உண்மையிலேயே பனை ஏறுமா என்பதில் அறிஞர்கள் பிறகு நிறைய வாதாடினார்கள். தண்ணீரை விட்டு வந்தும் நெடுநேரம் உயிரோடிருக்கும் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரியாங்குப்பம் ஆற்றில் கிடைத்த, விரல் நீளமே வளரும் இன்னொரு மீனைப் பிரெஞ்சு விலங்கியலாளர் கூவியே 1831-இல் விவரித்தார். 'குபானஸ்' என்று அந்த ஆற்றின் பெயரையே அதற்கு வைத்தார். ஃபைட்டருக்கு நெருங்கிய சொந்தம் அது. செடி அடர்ந்த வாய்க்கால் ஓரங்களில் வாழும். இலைக்கடியில் குமிழிகளால் கூடு கட்டும். முட்டைகளை ஆண் மீன் காவல் காக்கும். கீழே விழும் முட்டையை வாயில் கவ்விக் கொண்டுவந்து மறுபடி கூட்டில் ஒட்டும். இப்படி வாழ்வதற்கான உடம்பும் புத்தியும்தான் டம்ளருக்குள் இருக்கும் மீனுக்கும். குறைந்த ஆக்சிஜனைத் தாங்கும் திறனை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் நாம் தள்ளிவிட்டோம்.

நெடுநாள் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தோன்றுவது இது: வண்ணமீன் வியாபாரத்தில் எந்த மீன் அதிகம் தாங்குமோ அதற்குத்தான் மோசமான இடம். டிஸ்கஸ் மீனைப் பாருங்கள். 28, 30 டிகிரிச் சூடு வேண்டும், சுத்தமான தண்ணீர் வேண்டும், இல்லாவிட்டால் சுருண்டுவிடும். விலையும் அதிகம். அதனால் கடையிலேயே பெரிய தொட்டி, நல்ல ஃபில்டர், ஹீட்டர் எல்லாம் அதற்கு உண்டு. ஃபைட்டர் செத்தால் கடைக்காரருக்கு நஷ்டம் சொற்பம். எனவே டம்ளர்.

காற்றைக் குடிக்கத் தெரிந்த மீனுக்கும் கழிவு போக வழி வேண்டுமே. மீன் தன் உடம்புக் கழிவைப் பெரும்பாலும் அமோனியாவாகச் செவுள் வழியே விடுகிறது. ஆற்றில் அது கலைந்து போய்விடும். தொட்டியில் அதைத் தின்ன நுண்ணுயிர்கள் வேண்டும். ஒரு கூட்டம் அமோனியாவை நைட்ரைட் ஆக்கும், இன்னொன்று நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். முன்னிரண்டும் நஞ்சு, மூன்றாவது ஓரளவு பொறுக்கக்கூடியது. இந்த நுண்ணுயிர்கள் ஃபில்டர் பஞ்சிலும் சரளையிலும் குடியேறிப் பெருகப் பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். தொட்டியையும் மீனையும் ஒரே சாயங்காலம் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகும் வீட்டில், முதல் சில வாரங்களில் தண்ணீர் பளிங்காகத்தான் தெரியும். உள்ளே மீனுக்குச் செவுள் வெந்துகொண்டிருக்கும்.

நம் வெயில் வேறு. சூடும் காரத்தன்மையும் ஏற ஏற அமோனியா அதிக நஞ்சாகும். ஆக்சிஜனும் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரைந்திருக்கும் ஆக்சிஜன், 30 டிகிரியில் ஏழரையாக இறங்கிவிடும். காரைக்காலின் சித்திரை மாதத்தில் 30 டிகிரி என்பது காலை நேரக் கணக்கு. மதியம் மின்சாரம் போய் ஏர் பம்ப் நின்றுவிட்டால் நெருக்கிப் போட்ட தொட்டியில் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாய் பிளக்கும்.

கடலோர ஊர் என்பதால் ஆழ்குழாய்த் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதனால் பிரியமுள்ளவர்கள் கேன் தண்ணீரை வாங்கி ஊற்றுகிறார்கள். "நாம குடிக்கிற தண்ணிதானே, அதைவிட நல்லது எது?" என்பார்கள். ஆர்.ஓ. தண்ணீரில் தாதுக்கள் பெரும்பாலும் போய்விடுகின்றன. தொட்டியில் அமிலம் சேரும்போது அதை ஈடுகட்ட ஒன்றும் இல்லாமல் நீரின் தன்மை சட்டென்று மாறிவிடும். இன்னும் சிலர் ஞாயிறுதோறும் தண்ணீர் முழுவதையும் கொட்டி, ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் வெள்ளையாகும்வரை கசக்குகிறார்கள். குடியேறிய நுண்ணுயிர்கள் குளோரின் தண்ணீரில் செத்துப் போகின்றன. மறுநாள் தொட்டி புதுத்தொட்டி ஆகிவிடுகிறது. இவர்கள் யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை. மீனுக்காக ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டுக்கொடுப்பவர்கள். கடையில் ஐந்து நிமிடம் ஒதுக்கி ஒருவர் சொல்லியிருந்தால் போதும்.

தங்கமீன் கதை இதைவிட வேதனை. அதற்கு இரைப்பையே கிடையாது. தின்றது வேகமாகக் கழிவாகிவிடும், தண்ணீர் சீக்கிரம் கெடும். ஒழுங்காக வைத்தால் பத்து, இருபது வருடம் இருக்கும். இங்கிலாந்தின் யார்க்ஷயரில் ஒரு வீட்டில் 1956-இல் வந்த தங்கமீன் 1999 வரை வாழ்ந்தது. காரைக்கால் மாங்கனித் திருவிழாக் கூட்டத்தில் கைப்பிடி அளவு பிளாஸ்டிக் பையில் தங்கமீன் குஞ்சுகளைத் தொங்கவிட்டு விற்பதைப் பார்த்திருக்கிறேன். குழந்தை அதை ஆட்டி ஆட்டி நடக்கும். வீட்டுக்குப் போனால் உருண்டைக் கண்ணாடிக் குடுவை. வாய் குறுகிய குடுவையில் காற்று படும் பரப்பு குறைவு, ஃபில்டர் வைக்க இடமில்லை. இத்தாலியில் மோன்சா நகரம் 2004-இலும் ரோம் 2005-இலும் இந்த உருண்டைக் குடுவைகளைத் தடை செய்தன.

மீனுக்கு வலி தெரியுமா என்ற கேள்விக்கு 2003-இல் ஆய்வாளர் லின் ஸ்னெடன் குழுவினர் வானவில் டிரவுட் மீன்களை வைத்து ஒரு பதில் தேடினார்கள். உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் உதட்டைச் சரளையில் தேய்த்தன, தீனியைத் தொடாமல் கிடந்தன. மார்ஃபின் கொடுத்ததும் அந்தத் தவிப்பு குறைந்தது. இது வெறும் அனிச்சைதான் என்று வாதிடும் அறிஞர்கள் இன்னும் இருக்கிறார்கள். வலி மருந்துக்கு அடங்குவதை வலி என்று அழைக்க எனக்குத் தயக்கமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் மனிதரல்லாத எந்த உயிரும் விலங்குதான். மீனும் அதில் அடக்கம். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. 2017 மே மாதம் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் மீன் தொட்டிக் கடைகளுக்கென்றே தனி விதிகள் கொண்டுவந்தது. உருண்டைக் குடுவைக்குத் தடை, கடையில் கால்நடை மருத்துவரோ மீன்வள நிபுணரோ வேண்டும், 158 வகை மீன்களுக்குக் கட்டுப்பாடு என்று நீண்டது பட்டியல். வண்ணமீன் வளர்ப்பே பிழைப்பான சென்னை கொளத்தூர் போன்ற இடங்களில் அடுப்பு அணைந்துவிடும் என்ற பயம் எழுந்தது, எதிர்ப்பு வந்தது, விதிகள் திரும்பப் பெறப்பட்டன. ஓர் ஆளும் ஒரு பையனும் நடத்தும் கடையில் முழுநேர நிபுணர் என்பது நடக்கிற காரியமில்லை. ஆனால் குடுவைத் தடையையும் அதோடு சேர்த்துக் கைவிட்டது பெரிய இழப்பு. அடுத்து 2018-இல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகளின் பட்டியலில் நாய், பூனை, முயல், வெள்ளெலி, பறவை எல்லாம் இருக்கின்றன, மீன் இல்லை.

அதனால் இன்றைக்கு மீனுக்கு இருக்கும் ஒரே சட்டம் கடைக்காரர்தான். நான் அடிக்கடி போகும் கடை ஒன்றின் பெரியவர் தொட்டி வாங்கிய அன்று மீன் தர மாட்டார். "தண்ணிய ஓடவிடுங்க. ஒரு மாசம் கழிச்சு வாங்க, மொதல்ல நாலு மோலி தர்றேன்" என்பார். "என்ன பாய், கையில காசோட நிக்கிறோம்" என்று கோபித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போகிறவர்கள் உண்டு. இரவுப் பேருந்தில் சென்னையிலிருந்து வரும் தெர்மோகோல் பெட்டியை அவர் பிரிக்கும்போது ஒருநாள் கூட இருந்தேன். பையில் மூன்றில் ஒரு பங்குதான் தண்ணீர், மீதி ஆக்சிஜன். பையை வெட்டிக் கொட்டாமல் முதலில் தொட்டியில் மிதக்கவிட்டார், சூடு சமமாகட்டும் என்று. பிறகு பைத் தண்ணீரை வடித்துவிட்டு மீனை மட்டும் விட்டார். விளக்கையும் அணைத்தார். ஓரிரு நாள் அவற்றை யாருக்கும் விற்க மாட்டார். அவருடைய கடையிலும் ஃபைட்டர்கள் உண்டு, டம்ளரில் இல்லை. தடுப்பு வைத்த தொட்டியில், அறைக்கு ஒரு கொத்துச் செடியோடு.

அவரிடம் நான் பேசிப் பேசி இன்னும் நடக்காத காரியம் ஒன்று இருக்கிறது. தொட்டிக்குத் தொட்டி ஓர் அட்டை. மீன் எவ்வளவு பெரிதாகும், எத்தனை வருடம் வாழும், குறைந்தது எத்தனை லிட்டர் வேண்டும், யாரோடு சேரும் என்ற விவரம் மட்டும். மிகவும் தேவைப்படுவது 'டேங்க் கிளீனர்' என்று விற்கும் மீனுக்கு. கடையில் ஆள்காட்டி விரல் நீளம் இருக்கும்; முழுதாக வளர்ந்தால் ஒன்றரை அடி போகும். தொட்டி கொள்ளாமல் போனதும் மனம் கேட்காதவர்கள் அதைக் குளத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். தென் அமெரிக்க மீனான அது தமிழ்நாடு, கேரளம், ஆந்திர நீர்நிலைகளில் இப்படித்தான் பரவி, வலைகளைக் கிழித்துக்கொண்டு நம் மீனவர்களைப் படுத்துகிறது. நாகப்பட்டினத்தில் 2012 முதல் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. காரைக்காலில் புதுச்சேரி மீன்வளத்துறை இருக்கிறது. அட்டையில் என்ன எழுத வேண்டும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. கடைகளுக்கு இலவசமாக அச்சடித்துக் கொடுக்க ஆகும் செலவு ஒரு கருத்தரங்கின் மதியச் சாப்பாட்டைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பாய் தன் கடையில் மாட்டத் தயார் என்கிறார், ஆனால் பக்கத்துக் கடைக்காரரும் மாட்டினால்தான் என்கிறார். அவர் கேட்பது நியாயம். இரண்டு கடையிலும் பேச வேண்டும்.